மூடிய பாலத்துக்கு மார்க் கிடையாது

பட்ஜெட் கூட்டத்துக்கு இன்னும் இருபத்து நான்கு மணி நேரமும் பத்து நிமிடமும் இருந்தன.

போன் அடித்தது.

நகராட்சிப் பொறியாளர் அப்போதுதான் தலைவரின் அறையிலிருந்து வெளியே வந்து, வாசலை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தாள். வயது இருபத்தெட்டு. சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாதவள். கூட்டத்தில் அவள் பேச எழுந்தால் மைக் கெட்டுவிட்டதென்று நினைத்து இரண்டு பேர் சரிபார்க்க ஓடி வருவார்கள்.

"மேடம், இன்ஸ்பெக்டர் பேசறேன்."

"சொல்லுங்க சார்."

"வாய்க்கால் மேல ஒரு நடைப்பாலம் இருக்கில்ல... மூணு வாரம் முன்னாடி நீங்க மூடினது."

அவள் நடப்பதை நிறுத்தினாள்.

"ஆமா."

"அதுல நடுவுல ஒரு துண்டு காணோம். கீழ ஒரு ஆள் கிடக்கிறார்."

"உயிர்...?"

"இல்ல. கிளம்பி வாங்க."

லைன் துண்டிக்கப்பட்ட பிறகும் அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

வாய்க்கால் அந்த நகரத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. அந்தப் பக்கம் வீடுகள். இந்தப் பக்கம் கடைகள், பள்ளிக்கூடம், காவல் நிலையம், நகராட்சி அலுவலகம். நடைப்பாலத்தில் வந்தால் மூன்று நிமிடம். அதை மூடிய பிறகு பெரிய பாலம் வழியாகச் சுற்றி வர இருபத்தைந்து நிமிடம்.

பாலத்தில் பன்னிரண்டு கான்கிரீட் சிலாப்புகள்.

ஏழாவது இல்லை.

அது கீழே முழங்கால் ஆழத் தண்ணீரில் இரண்டாக உடைந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி, சக்கரங்கள் ஆகாயத்தைப் பார்த்தபடி. இரண்டு தையல் மெஷின்கள். ஒரு இஸ்திரி மேஜை. ஊறிப்போன துணி மூட்டை.

கரையில் தையல்காரர்.

அவருடைய மூட்டையிலிருந்தே ஒரு துணியை உருவி அவர்மேல் போர்த்தியிருந்தார்கள். வெட்ட வேண்டிய இடங்களில் அவர் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்த துணி. கோடுகள் ஈரத்தில் கரைந்துகொண்டிருந்தன.

பொறியாளருக்கு அவரைத் தெரியும். மூன்று வாரமாக அவள் மேஜைக்கு எதிரே வந்து நின்று, "எப்போம்மா திறப்பீங்க?" என்று கேட்டவர். பதிலுக்குக் காத்திருக்காமல், "பரவால்ல, அவசரப்படாம பண்ணுங்க" என்று அவளுக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறவர்.

அவள் துணியின் ஓரத்தைப் பார்த்தாள். முகம் இருந்த பக்கம் பார்வை போகவில்லை.

"வாங்க மேடம்." இன்ஸ்பெக்டர் அருகில் வந்தார். ஐம்பதைத் தொட்டவர். தொந்தி மறைப்பதால் தன் ஷூவைப் பார்த்து வருஷங்கள் ஆனவர். "இது தானா நடந்த விபத்து இல்ல. யாரோ பாலத்தைத் திறந்து விட்டிருக்காங்க."

சுட்டிக் காட்டினார்.

இரும்புத் தடுப்பு ஓரமாகச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் சங்கிலி கீழே, வட்டமாகச் சுருட்டி.

"பூட்டை உடைக்கல. சாவி போட்டுத் திறந்திருக்கான். யார் காலும் தடுக்கக் கூடாதுன்னு சங்கிலியைச் சுருட்டி வேற வச்சிருக்கான். இவ்வளவு ஒழுங்கான கொலைகாரனை நான் சர்வீஸ்ல பார்த்ததில்ல."

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"சாவி யார்கிட்ட?"

"ஒண்ணு வாட்ச்மேன்கிட்ட. இன்னொண்ணு ஆபீஸ்ல."

"ஆபீஸ்ல எங்க?"

"சுவர்ல... ஆணியில."

"பூட்டியாவது வச்சிருக்கலாமில்ல?"

"எல்லாச் சாவியும் அங்கதான் சார் தொங்கும்."

"அப்போ தலைவர்லேருந்து தண்ணி வைக்கிற ஆள் வரைக்கும் யாரு வேணா எடுக்கலாம்."

"எடுக்கலாம்."

இன்ஸ்பெக்டரின் கண் பாலத்தின் முதல் தூணுக்குப் போனது. கை அகலத்தில் ஒரு பெட்டி அதில் முடுக்கப்பட்டிருந்தது.

"இது என்ன?"

"எண்ணுற பெட்டி சார். எத்தனை பேர் கடக்கறாங்கன்னு எண்ணும். போனாலும் எண்ணும், வந்தாலும் எண்ணும். நகரம் முழுக்க வச்சிருக்கோம், பட்ஜெட்டுக்காக."

"மூடின பாலத்துல என்னத்தை எண்ணும்?"

"பூஜ்யத்தை" என்றாள்.

அவளுடைய காது நுனிகள் சிவந்தன. இன்ஸ்பெக்டர் அதைக் கவனிக்கவில்லை. அவரும் அப்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு போலீஸ்காரர்கள் வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். முப்பது வயது. ஒல்லி. நகராட்சி கொடுத்த சட்டை அவனுக்கு ஒரு சுற்றுப் பெரிது. செத்துப்போன தையல்காரரின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி.

"எத்தனை மணிக்கு டியூட்டிக்கு வந்தே?"

"ஒன்பது மணி சார்."

"அதுக்கு முன்னாடி யாரு காவல்?"

"யாருமில்ல சார். ஒரு ஆளுக்குத்தான் பட்ஜெட்."

"வந்தப்போ பாலம் எப்படி இருந்துச்சு?"

"திறந்துதான் சார் இருந்துச்சு."

"பொய்."

இன்ஸ்பெக்டர் அவன் முகத்தைப் பார்க்காமலேயே அதைச் சொன்னார்.

"சத்தியமா சார். ஜனங்க அதுபாட்டுக்குப் போய்ட்டும் வந்துட்டும் இருந்தாங்க. ஆபீஸ்ல திறந்துட்டாங்க போலன்னு நெனச்சேன். எங்ககிட்ட யாரு சார் சொல்லிட்டுச் செய்யறாங்க? மூடும்போதும் சொல்லல."

"உன் மாமா விழும்போது எங்க இருந்தே?"

"டீ குடிக்கப் போயிருந்தேன்."

"முந்தாநாள் இதே இடத்துல ரெண்டு பேருக்கும் சண்டையாமே? பத்துப் பேர் எதிர்ல என்ன சொன்னே?"

வாட்ச்மேன் தலையைக் குனிந்தான்.

"சொல்லு."

"'அவ்வளவு ஆசையா இருந்தா போய்ச் சாவு, திறந்து விடறேன்'னு..." குரல் உடைந்தது. "அது கோவத்துல சொன்னது சார். அவர் என்னைக் கையாலாகாதவன்னு சொன்னார்."

இன்ஸ்பெக்டர் கரையில் கூடியிருந்தவர்களின் பக்கம் திரும்பினார். நாற்பது ஐம்பது பேர்.

"இன்னைக்குக் காலைல ஒன்பது மணிக்கு முன்னாடி இந்தப் பாலத்துல யாராவது நடந்தீங்களா?"

முன்னால் நின்றவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள்.

"பால்காரரே?"

"நான் சுத்திதான் சார் வந்தேன். மூடின பாலத்துல நான் எதுக்குப் போறேன்?"

"டீச்சரம்மா?"

"நாங்களே தப்புப் பண்ணினா பசங்க என்ன சார் கத்துக்கும்?"

"பேங்க்காரரே?"

"எனக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார் சார். சுத்தி வந்தா ஒரு நடை ஆச்சுல்ல."

பால்காரர் அன்று காலை இரண்டு தடவை நடந்திருந்தார். டீச்சர் தன் இரண்டு பிள்ளைகளோடு நடந்திருந்தாள். பேங்க்காரர் பாலத்தின் நடுவில் நின்று போன் பேசிவிட்டே போனார். ஆனால் மூடிய பாலத்தில் நடந்தேன் என்று இப்போது சொன்னால், நடந்து நடந்து அதைத் தளர்த்தியவர்களில் நானும் ஒருவன் என்று சொன்ன மாதிரி. பிணத்தின் எதிரே நின்று யாரால் சொல்ல முடியும்?

அத்தனை பேரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

"பாத்தியா? ஒரு சாட்சி இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர். "ஏத்துங்கய்யா வண்டியில."

வாட்ச்மேன் பொறியாளரைப் பார்த்தான்.

"மேடம்... நீங்களாவது சொல்லுங்க மேடம். நான் அப்படிப்பட்ட ஆளா?"

அவள் வாயைத் திறந்தாள். காற்று வந்தது. சத்தம் வரவில்லை.

ஜீப் கதவு சாத்தப்பட்டது.

பிற்பகல். பொறியாளரின் அறை.

கதவைத் தட்டாமல் தலைவர் உள்ளே வந்தார். ஊரில் அவருக்கு ரிப்பன் என்று பெயர். பொதுக் கழிப்பறையைக்கூட இரண்டு தடவை திறந்து வைத்தவர்.

"அழுதீங்களா?"

"இல்ல சார்."

"அழுதா தப்பில்ல. நாளைக்குக் கூட்டத்துல மட்டும் அழுதுடாதீங்க. நம்ம மேல ஏதோ தப்புன்னு நெனச்சுப்பாங்க."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போன கூட்டத்துல உங்க பாலத்துக்கு என்ன மார்க் வந்துச்சு?"

"பூஜ்யம்."

அந்த மார்க் முறையே தலைவர் கொண்டு வந்ததுதான். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் என் தெருவுக்கு, உன் தெருவுக்கு என்று கவுன்சிலர்கள் நாற்காலியைத் தூக்கியதால் வந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் ஆபத்துக்காகப் பத்துக்கு இத்தனை என்று ஒரு மார்க். அதை அந்த இடத்தை ஒரு நாளில் பயன்படுத்துகிறவர்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். பெரிய எண் வந்த முதல் நான்கு வேலைகளுக்குப் பணம். மற்றவை அடுத்த வருஷம்.

நகர முகப்பில் ஒரு பழைய வளைவு. காரை உதிர்கிறது. ஆபத்து இரண்டு. அடியில் தினமும் எட்டாயிரம் பேர் போகிறார்கள். பெருக்கினால் பதினாறாயிரம். முதல் இடம்.

நடைப்பாலம். ஆபத்து பத்துக்குப் பத்து. அவ்வளவு ஆபத்து என்பதால்தான் அவள் அதை மூடினாள். மூடியதால் யாரும் நடக்கவில்லை. பத்தைப் பூஜ்யத்தால் பெருக்க என்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை.

போன மாதம் கூட்டத்தில் எழுந்து அவள் இதைச் சொன்னாள். "மூடிட்டீங்களேம்மா, இனிமே யாரு விழப் போறா?" என்று தலைவர் கேட்டார். சபை சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"பாவம் தையல்காரர்" என்றார் தலைவர் இப்போது. "ஆனா பாருங்க, விதியிலேயே இருக்கு. உயிர் போன இடத்துக்குப் பெருக்கல் கிடையாது. நேரா முதல் இடம். நாளைக்கு உங்க பாலம் பாஸ்."

அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வளைவு?"

"அது ரெண்டாவது. அதுக்கும் பணம் இருக்கு. யாருக்கும் நஷ்டமில்ல."

"வாட்ச்மேன் உள்ள இருக்கார் சார்."

"அங்கதான் விஷயமே இருக்கு." தலைவர் முன்னால் சாய்ந்தார். "தப்பு நகராட்சி மேலன்னு வந்தா கேஸு, நஷ்ட ஈடு... ரிப்பேருக்கு வச்ச பணமெல்லாம் அங்க போயிடும். பாலமும் கிடையாது, வளைவும் கிடையாது. இது குடும்பத் தகராறு. மச்சான் மாமாவைத் தள்ளி விட்டுட்டான். நமக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. புரியுதா?"

"புரியுது சார்."

"அந்தச் சாவி உங்க ஆபீஸ் ஆணியிலதானே தொங்கும்?"

"ஆமா."

"ஆணியைப் புடுங்கிடுங்க. இன்னைக்கே."

போய்விட்டார்.

அவள் சுவரைப் பார்த்தாள். ஆணியில் ஒரு சாவி குறைந்திருந்தது.

மறுநாள். பதினோரு மணி. பட்ஜெட் கூட்டம்.

முதலில் தையல்காரருக்காக ஒரு நிமிட மௌனம். அதில் ஒரு கவுன்சிலரின் போன் பாடியது. அவர் அதை அணைக்கத் தெரியாமல் மேலே உட்கார்ந்துகொண்டார்.

பிறகு நடைப்பாலம். புதுத் தூண்கள், புதுச் சிலாப்புகள், இரண்டு பக்கமும் கைப்பிடி. அவள் ஒரு வருஷமாக வரைந்து வைத்திருந்ததெல்லாம். எதிர்ப்பு இல்லை. கேள்வி இல்லை. நான்கே நிமிடத்தில் நிறைவேறியது.

எல்லோரும் கை தட்டினார்கள்.

"நம்ம என்ஜினீயர் அம்மாவோட விடாமுயற்சி" என்றார் தலைவர் மைக்கில். "எழுந்திருங்கம்மா, எல்லாரும் பார்க்கட்டும்."

அவள் எழுந்தாள்.

கைதட்டல் இன்னும் பலமானது. அவள் அப்படியே திரும்பி வாசல் பக்கம் நடந்தாள். கூச்சம் என்று நினைத்து சபை அன்போடு சிரித்தது.

காவல் நிலையத்தின் வெளி பெஞ்சில் தையல்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சாப்பாட்டுப் பாத்திரம். முந்தின நாள் மாலைதான் புருஷனை அடக்கம் செய்தவள்.

பொறியாளர் அவளைக் கடந்துவிடப் பார்த்தாள்.

"அம்மா..."

நிற்க வேண்டியதாகிவிட்டது.

"நீங்க பாலத்தம்மாதானே? என் தம்பி உள்ள இருக்கான். சோறு குடுக்க விட மாட்டேங்கறாங்க. ரெண்டு மணிக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்களாம்."

"நான் கேட்டுப் பார்க்கறேன்."

"அவன் பண்ணலம்மா. திறந்து விடுடான்னு இவர் மூணு வாரமாக் கெஞ்சினார். அவன் மாட்டவே மாட்டேன்னான். சண்டையே அதுக்குத்தான். திறக்க மாட்டேன்னு சண்டை போட்டவன் திறந்து விட்டுக் கொன்னான்னா, அது என்னம்மா கணக்கு?"

பொறியாளர் அவள் மடியிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தாள்.

"நேத்து ஒன்பதரைக்கு ஓடி வந்தார். 'பாலம் திறந்தாச்சு, அந்த என்ஜினீயர் பொண்ணு சொன்ன மாதிரியே சரி பண்ணிடுச்சு'ன்னார். மூணு வாரத்துல நேத்துத்தான் சிரிச்சார். பாலத்தை மூடினதும் கடைக்கு ஆள் வராம, மெஷினையெல்லாம் வீட்டுக்குக் கொண்டாந்து போட்டிருந்தோம். 'இன்னைக்கே கடையைத் திரும்பப் போட்டுடறேன்'னு வண்டியில ஏத்திட்டுக் கிளம்பினார். நாளைக்குப் போலாமேன்னேன். கேட்கல."

அவள் பொறியாளரின் கையைப் பிடித்தாள்.

"உங்க மேல அவ்வளவு நம்பிக்கைம்மா அவருக்கு."

பொறியாளர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். அது வேறு யாருடைய கையோ போல இருந்தது.

உள்ளே போனாள்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்தார். கோர்ட்டுக்குப் போக வேண்டிய காகிதங்கள். நிமிரவில்லை.

"வாங்க மேடம். பாலம் பாஸ் ஆயிடுச்சாமே."

"நான்தான் சார் திறந்தேன்."

பேனா நின்றது.

"எதை?"

"பாலத்தை. நேத்து காலைல ஆறு மணிக்கு. ஆணியிலேருந்து சாவியை முந்தின நாளே எடுத்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"ஏன்?"

"நேத்து எண்ணுற நாள். மூடியிருந்தா பூஜ்யம். நானூறு பேர் கடந்தா நாலாவது இடம். நாலு வேலைக்குத்தான் பணம்." அவள் மேஜையைப் பார்த்தே பேசினாள். "ஜனங்க தடுப்பைத் தாண்டிப் போறாங்கன்னு கூட்டத்துல சொல்லிடலாம்னு இருந்தேன். ஒரு பாதி நாள்தானேன்னு நெனச்சேன். கணக்குப் போட்டுத்தான் சார் திறந்தேன். ஒரே சமயத்துல எட்டுப் பேர் வரைக்கும் தாங்கும். தாங்குச்சு."

"அப்புறம்?"

"நான் ஆளை மட்டும்தான் கணக்குப் போட்டேன். பாலம் திறந்தா ஒருத்தர் கடையையே தள்ளிட்டு வருவார்னு... எனக்குத் தோணவே இல்ல."

வெளியே ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.

"பெட்டி எண்ணுறது என் போன்லயே தெரியும். நானூறு வந்ததும் போய்ப் பூட்டிடணும்னு இருந்தேன். நானூறு வந்துச்சு சார். பத்தரை மணிக்கு. அப்போ தலைவர் ரூம்ல இருந்தேன். வளைவுக்கு என்ன கலர் அடிக்கலாம்னு பேசிட்டிருந்தார். நடுவுல எழுந்திருக்க... கூச்சமா இருந்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம். நானூறு, நானூத்தி ஒண்ணு ஆச்சு. அப்புறம் நகரவே இல்ல. கூட்டம் குறைஞ்சிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"அந்தக் கடைசி ஒண்ணு..."

"அவர்தான்."

இன்ஸ்பெக்டர் மூடிய பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்தார். பிறகு, "நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார்.

"சார்?"

"நீங்க சொன்னது எதுவும் என் காதுல விழல. போங்க."

"என்னை அரெஸ்ட் பண்ணுங்க. அவரை விட்டுடுங்க."

"உங்க வார்த்தை ஒண்ணை வச்சு விட முடியாது. தலைவர் வக்கீலை இறக்குவார். சின்னப் பொண்ணு, மனசு கேக்காம பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்குதும்பார். சாவி அவன்கிட்டயும்தானே இருந்துச்சு? அவன் டியூட்டிக்கு வர்றதுக்கு முன்னாடியே பாலம் திறந்து கிடந்ததை ஒருத்தன் கண்ணால பார்த்திருக்கணும். அவன் வந்து சொல்லணும்."

"அவ்வளவு பேர் நடந்திருக்காங்களே சார்."

"உங்க எதிர்லதானே கேட்டேன்? ஒருத்தனும் வாயைத் திறக்கல."

"அதுல ஒருத்தருக்குக்கூடவா வெக்கம் இல்ல?"

வெளியே பெஞ்சு வரை கேட்டது. வாழ்க்கையில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்ற போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தவர் தன் நாற்காலிக்குப் போகவில்லை. அவள் பக்கத்தில், புகார் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் மர நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒருத்தனுக்கு இருக்கு" என்றார்.

"யாருக்கு?"

"நேத்து காலைல ஏழே முக்காலுக்கு நடந்தவன். தடுப்பு ஓரமா இருந்ததைப் பார்த்தான். சங்கிலி சுருட்டி வச்சிருந்ததைப் பார்த்தான். இது மூடின பாலமாச்சேன்னு நெனச்சான். இருபது நிமிஷம் மிச்சம்னும் நெனச்சான். நடந்துட்டான். அங்கேயே நின்னு உங்களுக்கு ஒரு போன் போட்டிருந்தான்னா தையல்காரர் இப்போ மெஷினுக்கு எண்ணெய் போட்டுட்டிருப்பார்."

"அவரைக் கூப்பிடுங்க சார். நான் காலைப் பிடிச்சாவது கேட்கறேன்."

"வேண்டாம். அவன் வாட்ச்மேனைப் பொய்யன்னு நாலு பேர் எதிர்ல சொன்னவன். பொய் இல்லன்னு அவனுக்கு நல்லாத் தெரியும். தன் வேலை போயிடுமேன்னு பயம். காலைலேருந்து ஒரே பக்கத்தைத் திருப்பித் திருப்பி எழுதிட்டு உக்காந்திருக்கான்."

அவள் நிமிர்ந்தாள். மேஜை மேல் பாதி எழுதிய காகிதம். அதன் மேல் மூடிய பேனா.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான்தான் மேடம். யூனிஃபார்மோட நடந்தேன்."

இருவரும் கொஞ்ச நேரம் எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவர் எட்டி அந்தக் காகிதத்தை எடுத்தார். நான்காகக் கிழித்தார். குரலை உயர்த்தி, "யோவ், அந்த வாட்ச்மேனை வெளிய கூட்டிட்டு வா. அவங்க அக்கா சோறு வச்சிருக்காங்க, முதல்ல சாப்பிடச் சொல்லு" என்றார். ஒரு வெள்ளைத் தாளை உருவி அவளிடம் கொடுத்தார். இன்னொன்றைத் தனக்கு வைத்துக்கொண்டார்.

"நீங்க உங்களுது எழுதுங்க. நான் என்னுது எழுதறேன்."

எழுதத் தொடங்கியவர் நடுவில் நிறுத்தினார்.

"மேடம், உங்க பெட்டிக்கு யார் யாருன்னு தெரியுமா?"

"தெரியாது சார். கடக்கறதை மட்டும்தான் எண்ணும்."

"இந்தக் கரைக்கு வந்தப்புறம்தான் மூக்குக்கண்ணாடியை வீட்ல விட்டுட்டது ஞாபகம் வந்துச்சு. திரும்பிப் போய் எடுத்துட்டு வந்தேன். ஆக மொத்தம் மூணு தடவை கடந்திருக்கேன்."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நானூத்தி ஒண்ணுல ரெண்டைக் கழிச்சிடுங்க, நான் ஒரே ஆள்தான்... உங்க பாலம் ஒரு ஆள்ல ஃபெயில்."